ரெஸ்ரிங் அண்ணையும் நாற்பது மூடை நெல்லும்

வன்னியில் பாட்டுக்காக அதிகம் பாடுபட்ட மனிதரும், பாட்டே கேட்காத மனிதரும் ஒரே ஆள்தான். நெடுங்கேணியில் அரிசி மில் வைத்திருக்கிறார். முகத்துக்கு நேரே எல்லோரும் ‘மில்கார அண்ணை’ என்பார்கள். அந்தப் பக்கம் திரும்பியவுடன் ‘ரெஸ்ரிங் அண்ணை’. கோயில் திருவிழாவில் சவுண்ட் சேர்விஸ்காரர் மைக்கைத் தட்டி ‘ரெஸ்ரிங், ரெஸ்ரிங்’ என்று சொல்லிவிட்டு, அதன் பிறகாவது நிகழ்ச்சியைத் தொடங்குவார். எங்கள் அண்ணையிடம் நிகழ்ச்சி தொடங்குவதே இல்லை.

கணக்குப் படிப்பிக்க யாழ்ப்பாணத்திலிருந்து நெடுங்கேணிக்கு இடமாற்றம் பெற்றுப் போன நான், அவருடைய வீட்டு முன்னறையில் இரண்டு வருடம் வாடகைக்கு இருந்தேன். போன புதிதில் மாதக்கணக்காக அந்த வீட்டில் ஒரே ஒரு பாட்டைத்தான் கேட்டேன். அதிலும் பல்லவி மட்டும். பல்லவி முடிகிற இடத்தில் அண்ணை எழும்பிப் போய் நிறுத்துவார், ஏதோ ஒரு வயரைக் கழற்றிப் பூட்டுவார், மறுபடி முதலில் இருந்து போடுவார். அந்தப் பாட்டுக்குச் சரணம் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

பகல் முழுவதும் அவர் நிற்பது வீட்டிலிருந்து இரண்டு வளவு தள்ளியிருந்த மில்லுக்குள். அங்கே இயந்திரம் போடுகிற சத்தத்தில் நெல் கொண்டு வருகிறவர்கள் கையால்தான் கதைக்க வேண்டும். ஒரு மூடைக்கு ஒரு விரல், இரண்டு மூடைக்கு இரண்டு விரல். அதே மனிதர் பின்னேரம் குளித்துவிட்டு வீட்டுக்குள் வந்து, குசினியில் தேங்காய் திருவுகிற சத்தம் வயலினைக் கெடுக்கிறது என்பார். மின்விசிறி நிறுத்தப்படும். குளிர்சாதனப் பெட்டி நிறுத்தப்படும். நாய் பின்வளவில் கட்டப்படும். ஒருமுறை நான் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தபோது, தாளைக் கொஞ்சம் மெதுவாகத் திருப்பச் சொல்லி ஆள் அனுப்பினார்.

ஆள் என்று நான் சொல்வது அவருடைய மனைவி பவளமக்காவை. அக்கா வந்து கதவில் சாய்ந்துகொண்டு, “ரீச்சர், பிள்ளையளுக்குச் சத்தமில்லாத மார்க்ஸ் போடட்டாம்” என்று சொல்லிவிட்டுச் சிரிக்காமல் போனார்.

விறாந்தையைத் தாண்டினால் பெரிய ஹோல். அதன் ஒரு பக்கத்தில் நெஞ்சளவு உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள், நடுவில் ஆம்ப்ளிபயர், எதிரில் ஒற்றைக் கதிரை. கதிரையின் நான்கு காலையும் சுற்றி நிலத்தில் வெண்கட்டியால் கோடு போட்டிருந்தார். யாராவது கூட்டும்போது கதிரை அரை விரல் நகர்ந்தாலும் அண்ணைக்குத் தெரிந்துவிடும். வீட்டுக்கு வருகிற எல்லோரையும் அந்தக் கதிரையில் ஏற்றுவார். தபால்காரர், கோயில் காசுக்கு வருகிறவர்கள், கலியாணக் காட் கொடுக்க வருகிறவர்கள், ஒருவரும் தப்பியதில்லை. எனக்கு அதில் நிரந்தரப் பதவி. படித்த காது என்று பெயர்.

“இப்ப கேளுங்கோ ரீச்சர்.” பல்லவி போகும். நிறுத்துவார். “இனி இதைக் கேளுங்கோ.” மறுபடி அதே பல்லவி. “எது திறம்?”

இரண்டுக்கும் எந்த வித்தியாசமும் எனக்குத் தெரியாது. கணக்கு ரீச்சர் என்பதால் ஒருநாள் ஒன்று, மறுநாள் இரண்டு என்று மாறி மாறிச் சொல்லிச் சமாளித்தேன். என் தீர்ப்பை நம்பி அவர் எத்தனை வயர் மாற்றினார் என்பதை நினைக்க இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

இவ்வளவு பாட்டுக்கும் காரணம் பவளமக்காவின் ஒரே தம்பி. கனடாவில் இருக்கிறார். நான் அங்கே போவதற்கு முந்தைய அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலுக்கு வந்தவர், அதே கதிரையில் இருந்து பாட்டைக் கேட்டாராம். கேட்டுவிட்டு, தன்னிடம் அங்கே என்னென்ன பெட்டிகள் இருக்கின்றன என்று ஒரு பட்டியல் சொல்லி, கடைசியில் எழும்பும்போது சொன்ன வார்த்தையை அண்ணை எனக்குப் பலமுறை நடித்தே காட்டியிருக்கிறார்.

“அத்தான், சத்தம் இருக்கு. பாட்டைத்தான் காணேல்லை.”

மைத்துனன் சொன்னதை வேறு யாராக இருந்தாலும் அன்றிரவே மறந்திருப்பார்கள். அண்ணைக்கு அது நெஞ்சில் மீன்முள் மாதிரி நின்றுவிட்டது. தம்பி அடுத்த வைகாசிக்கும் வருவதாக அறிவித்திருந்தார். அதற்குள் அந்த ஹோலில் பாட்டைக் காண வேண்டும், தம்பியின் வாயாலேயே ‘நல்லாயிருக்கு அத்தான்’ என்று வர வேண்டும். அவருடைய வாழ்க்கையின் இலட்சியம் அப்போது அவ்வளவுதான்.

ஆனால் எதை மாற்றுவது? ஆம்ப்ளிபயரையா, பெட்டிகளையா, வயரையா? ஊரில் ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். சவுண்ட் சேர்விஸ் வைத்திருப்பவர் வந்து பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு பெட்டி போட்டால் பக்கத்து ஊருக்கும் கேட்கும் என்றார். அண்ணைக்கு முகம் கறுத்துவிட்டது.

“பக்கத்து ஊருக்குக் கேக்கத் தேவையில்லை. இந்தக் கதிரைக்குக் கேக்க வேணும்.”

வயரிங் செய்கிறவர் வந்து, எல்லாப் பிழையும் எர்த்தில்தான் என்றார். உடனே பின்வளவில் ஆழமாக ஒரு செப்புக் கம்பி இறக்கப்பட்டது. மண் காயக்கூடாது என்பதால் காலையும் மாலையும் அதற்கு ஒவ்வொரு வாளி தண்ணீர். பக்கத்தில் நின்ற கதலி வாழை, தன் வாழ்நாளில் காணாத தண்ணீரைக் கண்டு, ஊரே வந்து பார்க்கும்படி ஒரு குலை போட்டது. பாட்டில் மாற்றம் எதுவும் இல்லை. பழம் நன்றாக இருந்தது.

அடுத்தது அம்மி. ஆம்ப்ளிபயர் அசையாத கல்லின் மேல் இருக்க வேண்டும் என்று தொலைபேசி வீடியோவில் யாரோ வெள்ளைக்காரர் சொன்னதைப் பார்த்துவிட்டு, குசினிக்குப் பின்னால் இருந்த அம்மியை மில்லில் வேலை செய்யும் இரண்டு பேரைக் கொண்டு தூக்கிவந்து ஹோலில் வைத்தார். ஆம்ப்ளிபயர் அதன் மேல் ஏறியது. பவளமக்கா சண்டை பிடிப்பார் என்று எதிர்பார்த்தேன். பிடிக்கவில்லை. அண்ணை மில்லுக்குப் போனதும் ஆம்ப்ளிபயரைத் தூக்கிக் கதிரையில் வைத்துவிட்டு, ஹோலிலேயே சப்பணம் கட்டி இருந்து சம்பல் அரைப்பார். அரைத்து முடிந்ததும் கல்லைத் துடைத்து ஆம்ப்ளிபயரைத் திரும்ப ஏற்றிவிடுவார். இப்படி ஒரு மாதம் அண்ணைக்குத் தெரியாமலே ஓடியது.

ஒருநாள் அவசரத்தில் அக்கா கையைக் கழுவாமல் தூக்கி வைத்திருக்கிறார். சத்தம் கூட்டுகிற திருகில் செத்தல் மிளகாய் ஒட்டியிருந்திருக்கிறது. அண்ணை பின்னேரம் வந்து திருகைத் திருகினார், கதிரையில் இருந்தார், வழக்கம்போல் கண்ணை மூடி இமைகளைத் தடவிக்கொண்டார். பல்லவி முடிவதற்குள் மனிதர் தாரை தாரையாக அழத் தொடங்கிவிட்டார். அந்த நேரம் பார்த்துக் கோயில் தர்மகர்த்தா படலையைத் திறந்துகொண்டு வந்தார். வாசலிலேயே நின்று ஒரு நிமிடம் பார்த்தவர், செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார். இசையில் இப்படிக் கரைந்துபோகிற ஒருவர் நம்முடைய ஊரில் இருக்கிறாரே என்று அந்த வாரம் முழுவதும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். அண்ணையும் அதை மறுக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்ததுதான் தேங்காய்ச் சிரட்டை. ஸ்பீக்கர் வயர் நிலத்தில் படக்கூடாது, பட்டால் நிலம் சத்தத்தை உறிஞ்சிவிடும் என்று அதே வெள்ளைக்காரர் சொன்னாராம். அவர் அதற்கென்று ஏதோ விலை கூடிய தாங்கிகளைக் காட்டியிருக்கிறார். அண்ணை குசினிக்குள் போய்ச் சிரட்டைகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தார். ஹோலின் குறுக்கே இருபத்திரண்டு சிரட்டைகளைக் கவிழ்த்து, அவற்றின் மேல் வயரை ஏற்றினார். அன்றிலிருந்து நாங்கள் எல்லோரும் வீட்டுக்குள் கொக்கு மாதிரிக் கால் தூக்கித்தான் நடந்தோம்.

சிரட்டை வைத்த அதே கிழமை காலபோக அறுவடை. அண்ணைக்கு இருந்த இரண்டு ஏக்கர் வயலும் வெட்டி நெல் வீட்டுக்கு வந்த நேரத்தில், எதிர்பாராத மழை. மில்லின் களஞ்சியக் கூரை ஒழுகியது. வேறு வழியில்லாமல் மூடைகளை ஹோலுக்குள் அடுக்கினார்கள். நாற்பது மூடை. கதிரைக்குப் பின்னால் சுவர் உயரத்துக்கு, இரண்டு பக்கமும் இடுப்பு உயரத்துக்கு, மூலைகளில் ஒன்றன்மேல் ஒன்றாக. நெல் மணம் பிடித்து யானை வரும், வீட்டுக்குள் வைக்காதேங்கோ என்று அயலவர் ஒருவர் எச்சரித்தார். அதற்குப் பெரிய காதுதானே, வந்தால் அதுவும் இருந்து கேட்கட்டும் என்று அண்ணை பதில் சொன்னார்.

அடுக்கி முடித்த பின்னேரம் அவர் பாட்டைப் போட்டார். நான் அறையில் இருந்தேன். பல்லவி வந்தது. எனக்கே ஏதோ செய்தது. இவ்வளவு நாளும் தகரப் பேணிக்குள் இருந்து பாடிய அந்த அம்மா, அன்றைக்கு வெளியே வந்து ஹோலில் நின்று பாடுவது மாதிரி இருந்தது. நான் எழும்பிப் போய்ப் பார்த்தேன். பவளமக்கா அகப்பையும் கையுமாகக் குசினி வாசலில் நின்றார். பல்லவி முடிந்தது. அண்ணை எழும்பவில்லை. அப்போதுதான் முதல் தடவையாக அந்தப் பாட்டின் சரணத்தைக் கேட்டேன். நல்ல சரணம்.

முழுவதும் முடிந்த பிறகு அவர் மெல்லத் திரும்பினார். “ரீச்சர், பாடுறவா மூச்சு எடுக்கிறது கேட்டதோ?”

ஓம் என்றேன். அந்த வீட்டில் நான் சொன்ன முதல் உண்மை அதுதான்.

“சிரட்டை” என்றார் அண்ணை. “எல்லாம் சிரட்டை செய்த வேலை.”

அந்தச் செய்தி ஊரெல்லாம் பரவியது. ஒரு மாதத்துக்குள் நெடுங்கேணியில் பாதி வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டியும் வானொலியும் சிரட்டைமேல் ஏறிவிட்டன. எங்கள் பாடசாலை அதிபர்கூட ஒலிபெருக்கிக்கு நாலு சிரட்டை வைத்துப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார்.

சித்திரை முடியும்போது தம்பி வருகிற நாள் முடிவாகியது. பவளமக்கா வீட்டுக்குப் பெயின்ற் அடிக்க வேண்டும் என்றார். மூடைகள் மில்லுக்குத் திரும்பிப் போயின. சுவருக்கு வெளிர்நீலம் அடித்து, நிலத்தைத் தேய்த்துக் கழுவி, ஹோல் வெறிச்சென்று பளபளத்தது. அண்ணை ஒவ்வொரு சிரட்டையாகத் துடைத்து அதே இடத்தில் வைத்து, பாட்டைப் போட்டார். பாடிய அம்மா மறுபடி தகரப் பேணிக்குள் போய்விட்டார்.

அதன் பிறகு நடந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் தேங்காய் வாசம் வருகிறது. சிரட்டை பழசாகிவிட்டது, அதனால் சத்தம் இறங்கிவிட்டது என்று அண்ணை முடிவெடுத்தார். புதுச் சிரட்டை வேண்டும். பவளமக்கா ஒரு நாளைக்கு ஐந்து ஆறு தேங்காய் உடைத்தார். பத்து நாள் தொடர்ந்து பால்சொதி, பால்கறி, பால்புட்டு, தேங்காய்ப்பூச் சம்பல், கடைசியில் தேநீருக்கும் தேங்காய்ச் சொட்டு. கண்ணுள்ள பாதி, கண்ணில்லாத பாதி என்று அண்ணை பிரித்து வைத்துப் பார்த்தார். செவ்விளநீர்ச் சிரட்டை தேடிப் புதுக்குடியிருப்புவரை மோட்டார் சைக்கிளில் போனார். ஒன்றும் சரிவரவில்லை. பிறகு வெளிர்நீலப் பெயின்றைச் சந்தேகித்தார். அதற்குப் பிறகு என்னைச் சந்தேகித்தார்.

“ரீச்சர், உண்மையைச் சொல்லுங்கோ. நான் இல்லாத நேரம் வயரைத் தொட்டனீங்களோ?”

தம்பி வர ஐந்து நாள் இருக்கையில், வவுனியாவில் ரேடியோ திருத்துகிற முஸ்லிம் நானாவை அண்ணை கெஞ்சிக் கூட்டிவந்தார். நானா மெலிந்த மனிதர், அதிகம் கதைக்கமாட்டார். ஆம்ப்ளிபயரைப் பார்த்தார், அம்மியைப் பார்த்தார், சிரட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கதிரையில் இருக்கச் சொன்னதற்கும் மறுத்துவிட்டு, ஹோலின் நடுவில் நின்று ஒரே ஒரு தடவை கையைத் தட்டினார். வெறும் சுவர்கள் அந்தத் தட்டலைத் திருப்பித் திருப்பிச் சொல்லின.

“அண்ணன், நல்லாக் கேட்ட நேரத்துல இந்தச் சுவரோரம் என்ன இருந்திச்சு?”

அண்ணை வயரையே பார்த்தார். பவளமக்காதான் மெதுவாகச் சொன்னார். “நெல்லு.”

“அதத்தான் வித்துப்போடாம வெச்சுக்கோங்க. பெட்டியில பிழை இல்ல, வயர்ல பிழை இல்ல. சத்தம் சுவர்ல அடிச்சுத் திரும்பி வருது. மூடை இருந்தா அது குடிச்சுரும்.” தேநீரைக் குடித்துவிட்டு, இரண்டு சிரட்டைகளைத் தாண்டி நானா போய்விட்டார்.

ஒரு வருடமாகத் தேடிய மருந்து தன்னுடைய வயலிலேயே விளைந்திருக்கிறது என்று தெரிந்ததும் அண்ணை துள்ளிக் குதித்திருக்க வேண்டும். உடனே மூடைகளைக் கொண்டுவர ஆள் கூப்பிடத்தான் போனார். பவளமக்கா வாசலை மறித்துக்கொண்டு நின்றார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அன்று மட்டும்தான்.

“என்ரை தம்பி வந்து இருக்கிற ஹோலுக்கை நெல்மூடையோ? அவன் அங்கை போய் என்னெண்டு சொல்லுவான்? அக்கா குடோனுக்கை குடியிருக்கிறா எண்டோ?”

அண்ணை அவரைப் பார்த்தார், வெளிர்நீலச் சுவரைப் பார்த்தார். பெரிய வாக்குவாதம் வரப்போகிறது என்று நான் அறைக்கதவைச் சாத்தப் போனேன். அவரோ, “சரி பவளம், விடு” என்று மட்டும் சொல்லிவிட்டு மில்லுக்குப் போய்விட்டார்.

அடுத்த மூன்று நாள் அந்த வீட்டில் பாட்டு இல்லை. பின்னேரம் வருவார், குளிப்பார், கதிரையில் இருப்பார், ஒன்றும் போடமாட்டார். மின்விசிறி தாராளமாகச் சுற்றியது. நாய் அவிழ்த்துவிடப்பட்டது. அந்த அமைதியில் எனக்கு ஒரு கொப்பிகூடத் திருத்த முடியவில்லை. பவளமக்கா குசினிக்கும் ஹோலுக்கும் நடுவில் பலமுறை நடந்தார், கால் தூக்காமலே. சிரட்டைகளைத்தான் அண்ணை அள்ளிக் குசினிக்கே திருப்பிக் கொடுத்துவிட்டாரே. மூன்றாம் நாள் என்னிடம் வந்து, மனிசனுக்கு உடம்புக்கு ஏதும் செய்யுதோ என்று கேட்டார். உடம்புக்கு ஒன்றும் இல்லை அக்கா என்றேன். அதுதான் எனக்கும் பயமாக் கிடக்கு என்றார்.

தம்பி வருகிற நாளுக்கு முதல் நாள் காலையில் அண்ணை வாகனம் பிடித்துக்கொண்டு விமான நிலையத்துக்குப் போய்விட்டார். அவர் படலையைத் தாண்டியதும் பவளமக்கா மில்லுக்கு ஆள் அனுப்பினார். மூடைகள் ஒவ்வொன்றாக வந்தன. அக்கா நடு ஹோலில் நின்று, இதை அங்கே வை, அதை இங்கே வை என்று கட்டளை போட்டார். சுவரோரம் அடுக்கியதற்கு மேலே படுக்கை விரிப்பு, இடுப்பு உயர மூடைகளின் மேல் தலையணை. பிறகு அலுமாரியைத் திறந்து, நல்லநாள் பெருநாளுக்குக் கட்டுகிற பட்டுச் சேலைகள் ஆறையும் எடுத்து எல்லாவற்றையும் மூடினார். தன்னுடைய கலியாணக் கூறைச் சேலையைக் கதிரைக்குப் பின்னால், இருக்கவும் சாயவும் ஏற்றபடி தாழ்வாக வைத்த மூடைகளுக்குப் போட்டார். தூரத்தில் நின்று பார்த்தால் பெரிய இடத்துச் சோபாக்கள் மாதிரி இருந்தது. கிட்டப் போனால் நெல்மணம்.

“எண்ணிப்போடுங்கோ ரீச்சர்” என்றார் என்னிடம். “நாற்பதும் இருக்க வேணும். ஒண்டு குறைஞ்சாலும் மனிசன் திருப்பிச் சிரட்டையிலை போய் நிக்கும்.”

மறுநாள் முற்பகல் அவர்கள் வந்து சேர்ந்தார்கள். அண்ணை ஹோலுக்குள் கால் வைத்தவர், பட்டுச் சேலைகளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். பவளமக்கா அவரைப் பார்க்காமல் தம்பியின் பையை வாங்குவதில் மும்முரமாக இருந்தார். தம்பியைப் பார்த்தபோதுதான் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஒரு வருடமாக அண்ணை நடித்துக் காட்டிய ஆள் நிமிர்ந்து நிற்கிற பெரிய மனுசர். வந்தவரோ கண்ணுக்குக் கீழே கறுத்து, தோள் தொங்கி, அடிக்கொரு தடவை கொட்டாவி விடுகிற ஒரு சாதாரண மனிதர்.

அண்ணை அவரைக் கதிரையில் இருத்தவில்லை. கூறைச் சேலை போட்ட மூடையில் சாய்த்து இருத்தினார். தம்பி மெல்ல அமுக்கிப் பார்த்து, சோபா நல்லாயிருக்கு அக்கா, எங்கை வாங்கினது என்று கேட்டார். பவளமக்கா இஞ்சைதான் என்று மட்டும் சொன்னார்.

பாட்டு வந்தது. மழைக்காலத்துப் பின்னேரத்தில் கேட்ட அதே அம்மா, அதே மூச்சு. நாங்கள் மூன்று பேரும் பாட்டைக் கேட்கவில்லை, தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். பல்லவி முடியும்போது அவர் கண்ணை மூடினார். அண்ணை என் பக்கம் திரும்பிப் பெருமையோடு தலையாட்டினார். சரணம் தொடங்கும்போது தம்பியின் தலை மெல்லப் பின்னால் சாய்ந்தது. அண்ணை பவளமக்காவுக்குக் கண்ணைக் காட்டினார். இரண்டாம் சரணத்தில், பாடுகிற அம்மா மூச்சு எடுக்கிற அதே இடத்தில், தம்பி குறட்டை விட்டார்.

பவளமக்காவுக்கு அவமானம் தாங்கவில்லை. “டேய் தம்பி” என்று தட்டி எழுப்பக் கையை நீட்டினார். அண்ணை அந்தக் கையைப் பிடித்துவிட்டார். “எழுப்பாதை. ஆள் அங்கை ரெண்டு வேலை. வரேக்கை வாகனத்திலை முழுக்க அதைத்தான் சொன்னவர். ரெண்டு வருஷமா ஒழுங்கான நித்திரை இல்லையாம். பெட்டியளைத் திறந்து பாட்டுக் கேக்கவும் நேரமில்லையாம்.”

பாட்டைக் குறைத்தார், ஆனால் நிறுத்தவில்லை. நிறுத்தினால் முழித்துவிடுவார் என்றார். பிறகு சத்தமில்லாமல் வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் மில் ஓய்ந்தது. அறுவடைக் காலம் இல்லாவிட்டாலும் பகல் வேளையில் அந்த மில் நின்றதை நான் கண்டதில்லை. யன்னலால் எட்டிப் பார்த்தேன். உச்சி வெயிலில் அண்ணை படலைக்கு வெளியே வீதியில் நின்றார். நெல்லேற்றிக்கொண்டு வந்த உழவு இயந்திரம் ஒன்றைத் தூரத்திலேயே கைகாட்டி நிறுத்தி, இயந்திரத்தை அணைக்கச் சொல்லி, கையாலேயே ஏதோ கதைத்தார். மில்லுக்குள் கதைக்கிற மாதிரி, விரலால். இன்றைக்கு இல்லை, நாளைக்கு வாங்கோ.

தம்பி எழும்பும்போது நாலு மணி. பதறிக்கொண்டு எழும்பி, நேரம் எவ்வளவு, பாட்டு முடிந்துவிட்டதா, நான் கேட்கவேயில்லையே அத்தான், மன்னித்துக்கொள்ளுங்கோ, திருப்பி முதலில் இருந்து போடுங்கோ என்றார். ஒரு வருடமாக இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் இந்த வீடு பட்டபாடெல்லாம். நான் அண்ணையின் முகத்தைப் பார்த்தேன். வெயிலில் நின்று நின்று கறுத்துப்போயிருந்தது.

“பாட்டு எங்கை ஓடப்போகுது மச்சான். நீங்கள் முதல்லை சாப்பிடுங்கோ.”

சாப்பாட்டுக்குப் பிறகும் அவர் கேட்கவில்லை. தம்பி நின்ற மூன்று கிழமையும், பாட்டு எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தினமும் மதியம் சாப்பாடு முடிந்ததும் பாட்டை மெல்லமாகப் போட்டு, மச்சான் கண் அயர்ந்ததும் மில்லை நிறுத்திவிட்டு, வீதியில் போய் நின்றார். அந்த வெயிலில் அவருக்கு ஒரு குடை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று எனக்கு ஒவ்வொரு நாளும் தோன்றியது. பவளமக்கா எனக்கு முந்திக்கொண்டு கொடுத்துவிடுவார்.